ஓர்காவுக்கு உத்தரவாதம் விற்காதீர்கள்: வட நோர்வேக்குத் தமிழ்க் குழுக்களை அழைத்து வருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஒஸ்லோ, லண்டன், பாரிஸ், சூரிச் நகரங்களிலிருந்து குளிர்காலத்தில் துரொம்சோவுக்குத் தமிழ்க் குழுக்களை அழைத்து வரும் பயண ஏற்பாட்டாளர்களுக்கு,

ஓர்கா என்னும் கறுப்பு வெள்ளைக் கொலையாளித் திமிங்கிலத்தைக் காட்டும் பயணங்களுக்கு, இந்தக் குளிர்காலத்துக்கான உங்கள் விளம்பரங்கள் வரத் தொடங்கிவிட்டன. "ஓர்கா 100% உறுதி. கைக்கெட்டும் தூரத்தில். பார்க்காவிட்டால் பணம் திரும்ப." எனக்குத் தெரிந்தவர்கள் வாட்ஸப்பில் அதை எனக்கே அனுப்பி, "உண்மையாகவே கிட்டக் காட்டுவீங்களோ?" என்று கேட்கிறார்கள்.

சீசன் தொடங்குமுன் நானும் என்னோடு கடலுக்குப் போகும் இரண்டு ஸ்கிப்பர்களும் (படகுத் தலைவர்கள்) உங்களில் சிலருக்கு எழுதியிருந்தோம். படகு வாடகை ஒப்பந்தத்தில் நீங்கள் சேர்த்திருக்கும் ஒரு வரியை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டோம். திமிங்கிலம் கிட்டத்தில் காட்டப்படாத நாளுக்குப் பாதி வாடகைதான் என்ற வரி. பதில் இப்படி வந்தது: "வாடிக்கையாளர்களின் எதிர்பார்ப்பு அது. உங்களுக்குச் சரிவராவிட்டால் வேறு வழிகாட்டி பார்த்துக்கொள்கிறோம்." அந்தப் பதிலோடு சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் யார் என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் கடைசியில் வட நோர்வேயின் ஃபின்மார்க் பகுதி மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த தமிழர்களில் ஒருவருடைய மகள். மீன் மணத்தோடு வளர்ந்தவள். இப்போது குளிர்காலத்தில் துரொம்சோவிலிருந்தும் ஷெர்வோய்த் தீவிலிருந்தும் போகும் படகுகளில் வழிகாட்டியாக வேலை செய்கிறேன். தமிழ்க் குழு வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் உங்கள் ஒப்பந்தத்தின் அந்த ஒரு வரி கடலில் என்ன செய்கிறது என்பதைப் படகின் மேல்தட்டில் நின்று நேரே பார்க்கிறவள் நான்.

போன சீசனில், நவம்பர் கடைசி வாரத்தில் ஒரு நாளைச் சொல்கிறேன்.

உங்கள் குழு ஒன்று இருட்டில் துறைக்கு வந்தது. முதல் நாள் இரவு துருவ ஒளி தேடி விடிகாலை இரண்டு மணிவரை பஸ்ஸில் சுற்றிவிட்டு, தூக்கம் சரியாக இல்லாமல் வந்தவர்கள். வெறும் வயிறு. பாதிப் பேருடைய காலில் நகரத்துச் சப்பாத்து. துரொம்சோவிலிருந்து குவெனாங்கன் ஃபியோர்டின் (மலைகளுக்கிடையே நிலத்துக்குள் நீளும் கடல்) வாய்க்குப் போகக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆகும். லிங்கென் மலைகளைத் தாண்டித் திறந்த கடல் பக்கம் திரும்பியதும் படகு ஆடத் தொடங்கும். அன்றும் ஆடியது. வாந்திப் பை கொடுத்து, தலையைப் பிடித்து, இஞ்சித் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே போனோம். பயணத்துக்கு முதல் இரவு தூங்க விடுங்கள் என்று பல தடவை சொல்லியாயிற்று. சரி, அது வேறு கதை.

அந்த நாட்களில் வெளிச்சம் எவ்வளவு நேரம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அங்கே நவம்பர் கடைசியில் அடிவானத்துக்குக் கீழே போகும் சூரியன், ஜனவரி நடுப்பகுதிவரை தலை காட்டாது. நடுப்பகலை ஒட்டிச் சில மணி நேரம் நீலமும் இளஞ்சிவப்புமாக ஒரு வெளிச்சம் மட்டும் வரும். அதற்குள் போய், தேடி, பார்த்து முடிக்க வேண்டும். எல்லாப் படகுகளுக்கும் அதே சில மணி நேரம்தான். எல்லோரும் போவதும் அதே கடலுக்குத்தான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முதலில் தெரிந்தது கடற்காகங்கள். ஒரே இடத்தில் கூட்டமாகச் சுழன்று விழுந்து எழும்பின. ஸ்கிப்பர் இயந்திரத்தை அடக்கி, நல்ல தூரத்திலேயே படகை நிறுத்தினார். கண் பழகியதும் துடுப்புகள் தெரிந்தன. ஆண் ஓர்காவின் முதுகுத் துடுப்பு ஒரு ஆள் உயரம் வரும், அதனால் தூரத்திலிருந்தே தெரியும். அதைச் சுற்றிப் பெண்கள், இளசுகள். தாயின் விலாவோடு ஒட்டியபடி ஒரு குட்டியும் வந்தது. அதன் கண்ணுக்கு மேலிருந்த திட்டு வெள்ளையாக இல்லை, மங்கிய செம்மஞ்சளாக இருந்தது. பிறந்து சில மாதங்களுக்கு அப்படித்தான் இருக்கும்.

அவை வேட்டையில் இருந்தன. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் விற்பது இதைத்தான், ஆனால் உங்கள் விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ஹெரிங் மீன்கள் குளிர்காலத்தைக் கழிக்க இந்த ஃபியோர்டுகளுக்குப் பெருங்கூட்டமாக வருகின்றன. கோடையில் சேர்த்த கொழுப்பில் உயிரைப் பிடித்துக்கொண்டு, பகல் நேரத்தில் ஆழத்தில் கிடக்கும். ஓர்காக்கள் குடும்பமாகக் கீழே இறங்கி, அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு பகுதியைப் பிரித்து, மேலே தள்ளிக்கொண்டு வருகின்றன. சுற்றிச் சுற்றி நீந்தி, குமிழி விட்டு, வெள்ளை வயிற்றைத் திருப்பிக் காட்டி மிரட்டி, மீன்களை ஒரு பந்தாக இறுக்குகின்றன. பந்து நீர்மட்டத்துக்கு வந்ததும் ஒவ்வொன்றாக முறை வைத்து வாலால் ஓங்கி அடிக்கும். அடியில் மயங்கிய மீன்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்னும். மற்றவை வளையத்தைக் காத்து நிற்கும். ஒன்றோடொன்று ஓயாமல் ஒலி எழுப்பிக்கொண்டே செய்கிற வேலை இது. தண்ணீருக்குள் ஒலிவாங்கியை இறக்கினால் அந்தச் சத்தங்களைக் கேட்கலாம். இயந்திரம் முடுக்கினால் அதே ஒலிவாங்கியில் இயந்திரத்தைத் தவிர வேறொன்றும் கேட்காது.

அன்று அந்த வால் அடியின் சத்தம் எங்கள் படகுவரை வந்தது. கனமான, மந்தமான ஒரு 'தொம்'. தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் மினுங்கியது. ஹெரிங்கின் செதில்கள் வெள்ளிப் பொடியாக மிதந்து படகின் பக்கம் வந்தன. குனிந்து கையை நனைத்த ஒரு பையனின் கையுறையில் இரண்டு ஒட்டிக்கொண்டன. வாந்தி எடுத்துக் கிடந்தவர்கள்கூட எழும்பி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஒருவரும் கத்தவில்லை. சேலைக்கு மேல் இரண்டு ஜாக்கெட் போட்டிருந்த ஒரு அம்மா, "எவ்வளவு ஒற்றுமையா நிண்டு பிடிக்குதுகள் பார் பிள்ளை" என்றார். என் வேலையில் இதைவிட நல்ல நேரம் கிடையாது.

அப்போது குழுவைக் கூட்டி வந்த உங்கள் ஆள் ஸ்கிப்பரின் அறைக்குள் போனார். போனில் எடுத்த படத்தைக் காட்டி, "இதில் கறுப்புப் புள்ளிதான் தெரியுது. கிட்டப் போங்கோ. இல்லையெண்டால் இது பார்த்ததாகக் கணக்கில்லை" என்றார். நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. ஸ்கிப்பர் மறுத்தார். உங்கள் ஆள் ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார். ஒரு நாள் எரிபொருள், இரண்டு பேர் சம்பளம், படகுக் கடன் எல்லாம் அந்த வாடகைக்குள். பாதி வாடகை என்றால் அன்றைக்கு அவர் கையிலிருந்து போட வேண்டும். அதற்குள் வேறு இரண்டு படகுகளும் அங்கே வந்துவிட்டன. நாங்கள் விட்டால் அவர்கள் போவார்கள் என்ற நிலை.

படகு நகர்ந்தது. பக்கவாட்டில் மெதுவாகப் போவதற்குக்கூட நேரம் இல்லை. சுற்றி முன்னால் போய் நின்றோம். மற்ற இரண்டும் அதையே செய்தன. ஒரு ரப்பர் படகிலிருந்து நான்கு பேர் குளிர் தாங்கும் நீச்சல் உடையோடு தண்ணீருக்குள் குதித்தார்கள், வளையத்துக்கு நேர் முன்னால்.

வால் அடி நின்றது. கடற்காகங்கள் கலைந்து மேலே போயின. மீன் பந்து உடைந்து ஆழத்துக்கு இறங்கிவிட்டது. துடுப்புகள் விலகி, பிறகு ஒரு வரிசையாகி, ஃபியோர்டின் மறுகரைப் பக்கம் போகத் தொடங்கின. குட்டி நடுவில் போனது. படகுகள் எல்லாம் திரும்பின, நாமும் திரும்பினோம். வெளிச்சம் போகும்வரை பின்னால் போய்க்கொண்டே இருந்தோம். உங்கள் ஆளுக்கு அவர் கேட்ட படம் கிடைத்தது. வெளிச்சம் இருந்தவரை அந்தக் குடும்பம் மறுபடி ஒரு பந்தைக் கட்டி நான் பார்க்கவில்லை.

அந்த அம்மா சொன்னதையும் எழுத வேண்டும். நாங்கள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்து, "விடச் சொல்லுங்கோ பிள்ளை. அதுகள் சாப்பிட்டுக்கொண்டல்லோ இருந்ததுகள்" என்றார். வாடிக்கையாளரின் எதிர்பார்ப்பு என்று எழுதுகிறீர்களே, அன்று படகில் இருந்தவர்களில் கிட்டப் போகச் சொன்னவர் உங்கள் ஆள் ஒருவர்தான். தூரத்தில் நின்று அந்த வேட்டையைப் பார்த்த நேரத்தில் எல்லோர் முகத்திலும் நிறைவு இருந்தது. துரத்திய நேரத்தில் குளிரும் தலைசுற்றலும்தான் இருந்தன. அந்தப் பயணிகள் உங்களுக்குத்தான் காசு கட்டினார்கள். அவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

ஓர்காக்கள் மட்டுமல்ல, கூன்முதுகுத் திமிங்கிலங்களும் அங்கே வருகின்றன. கோடையைப் பாரன்ட்ஸ் கடலில் கழித்துவிட்டு, ஹெரிங்குக்காக இங்கே தங்கி, பிறகு கரீபியன் பக்கம் இனப்பெருக்கத்துக்குப் போகிறவை அவற்றில் இருக்கின்றன. பல ஆயிரம் கிலோமீட்டர் பயணம். போகும் வழியிலும், போய்ச் சேர்ந்த வெதுவெதுப்பான கடலிலும் அவை அநேகமாக ஒன்றும் தின்பதில்லை. அங்கே குட்டி ஈனப்போகும் தாய்க்கு, பால் கொடுக்க உடம்பில் இருப்பது வடக்கில் தின்ற கொழுப்புத்தான். அப்படிப்பட்ட ஒரு நாளின் தீனியை ஒரு போன் படத்துக்காகக் கலைக்கச் சொல்லி ஒப்பந்தம் எழுதலாமா? ஒரு படகு ஒரு தடவை கலைத்தால் பெரிய நட்டம் இல்லை என்று சொல்லலாம். ஆனால் சீசன் முழுக்க, வெளிச்சம் இருக்கும் எல்லா நேரமும், அதே குடும்பங்களுக்கு முன்னால் படகுகள் போய் நிற்கின்றன. அந்தக் கடலில் இரண்டு மூன்று மாதங்கள் இருப்பவர்கள் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

'100% உறுதி' என்ற சொல்லுக்கு வருகிறேன். எதை உறுதி சொல்கிறீர்கள்?

அறுபதுகளின் கடைசியில் அளவுக்கு மிஞ்சிப் பிடித்ததில் இந்த ஹெரிங் இனமே கிட்டத்தட்ட அழிந்துபோனது. திரும்பி வர இருபது வருடம் ஆயிற்று. தொண்ணூறுகளில் ஓர்கா பார்க்க வேண்டுமென்றால் இன்னும் தெற்கே, தீஸ்ஃபியோர்டுக்குப் போக வேண்டும்; அங்கேதான் ஹெரிங் குளிர்காலத்தைக் கழித்தது, அங்கேதான் படகுகளும் ஹோட்டல்களும் இருந்தன. பிறகு மீன் அந்த ஃபியோர்டுகளை விட்டுவிட்டது. திமிங்கிலங்களும் போய்விட்டன. 2010க்குப் பிறகு சில குளிர்காலங்கள் துரொம்சோவுக்குப் பக்கத்திலேயே, கல்ஃபியோர்டில், கரையில் நின்றே பார்க்கக் கிடைத்தன. அதுவும் நிலைக்கவில்லை. 2017ஐ ஒட்டி வடக்கே குவெனாங்கன் பக்கம் நகர்ந்தது. அதனால்தான் ஷெர்வோய் என்ற சின்னத் தீவூரின் பெயர் உங்கள் விளம்பரத்தில் இருக்கிறது. மீன் எங்கே போகிறதோ அங்கே திமிங்கிலம் போகும், அது எப்போது எங்கே போகும் என்று மீன்பிடிகாரர்களே தலையில் அடித்துக்கொள்கிறார்கள். நீங்கள் ஆறு மாதம் முன்னால் லண்டனில் இருந்துகொண்டு உறுதி எழுதுகிறீர்கள். அந்த உறுதியை நிறைவேற்றும் பொறுப்பை இருட்டுக் கடலில் நிற்கும் ஒரு ஸ்கிப்பரின் தலையில் கட்டிவிடுகிறீர்கள்.

மீன்பிடிகாரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுற்றுவலை போடும் பெரிய படகுகள் வலையை இழுக்கும்போது மீன் சிதறும். வலை இழுக்கும் சத்தத்தைத் தெரிந்துகொண்டு திமிங்கிலங்கள் அங்கே வருகின்றன. சில நேரம் வலைக்குள் மாட்டியும் விடுகின்றன. திமிங்கிலம் இருக்கிறதே என்று சுற்றுலாப் படகுகளும் அங்கே போனதால்தான், மீன் பிடித்துக்கொண்டிருக்கும் படகுக்கு 370 மீட்டருக்குள் வரக் கூடாது என்று விதி வந்தது. போன சீசனில் உங்கள் இன்னொரு குழுவோடு போனபோது, அந்த எல்லையையும் தாண்டச் சொல்லி என்னிடம் கேட்டார்கள். ஸ்கிப்பர் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். அன்று திரும்பி வந்ததும் வாடகையில் வெட்டினீர்கள். விதியை மதித்ததற்காக ஒரு மனிதருக்குக் கூலி வெட்டப்பட்டது. இதை நான் நோர்வே மொழியில் அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. நம் ஆட்களைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்று வாய் திறந்து சொல்லவில்லை. இந்த ஊர்களில் நம் பெற்றோர் மீன் தொழிற்சாலைகளில் உழைத்து எடுத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதுவும் இதில் கெடுகிறது.

நீச்சல் பயணத்தைப் பற்றித் தனியாக. உங்களில் இருவர் இந்த வருடம் 'ஓர்காவோடு நீச்சல்' என்று புதிதாகப் போட்டிருக்கிறீர்கள். கடல் அந்த நேரத்தில் ஐந்தாறு பாகை. வெளிச்சம் குறைவு, அடி ஆழம் நூற்றுக்கணக்கான மீட்டர். நீச்சல் குளத்தைத் தவிர வேறெங்கும் நீந்தாதவர்களை, அரை மணி நேர விளக்கத்தோடு, தின்றுகொண்டிருக்கும் மிருகங்களுக்கு முன்னால் இறக்குவது விளையாட்டில்லை. ஓர்கா அவர்களைக் கடிக்கும் என்று நான் பயப்படவில்லை. மீன் பந்துக்கு அடியிலிருந்து வாயைத் திறந்துகொண்டு நேராக மேலே வரும் கூன்முதுகுத் திமிங்கிலத்துக்குப் பயப்படுகிறேன். அது வரும்போது மேலே யார் மிதக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு வருவதில்லை. சுற்றியுள்ள படகுகளின் சுழலிகளுக்கும் பயப்படுகிறேன்.

எங்கள் பக்கத்துப் படகு முதலாளிகளும் இதில் பொறுப்பு இல்லாதவர்கள் இல்லை. அவர்களிடம் அவர்களுடைய மொழியில் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஆனால் ஒரு நாளின் ஓட்டத்தைத் தீர்மானிப்பது காசு எந்த நிபந்தனையோடு வருகிறது என்பதுதான், அந்த நிபந்தனையை எழுதுவது நீங்கள். நல்ல ஸ்கிப்பர்கள் இருக்கிறார்கள். இயந்திரத்தை அணைத்து மின்கலத்தில் மெதுவாகப் போகக்கூடிய படகுகள் துரொம்சோவிலேயே ஓடுகின்றன. அவற்றில் போய்த் தூரத்தில் அமைதியாக நின்றால், பல தடவை திமிங்கிலம் தானாகவே பக்கத்தில் வந்து மூச்சு விடும். அந்த ஈர மூச்சின் மீன் நாற்றம் முகத்தில் அடிக்கும். அது கிடைத்தவர்கள் அடுத்த வருடம் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். அப்படி வருகிறவர்களை எனக்குத் தெரியும், நீங்களும் அவர்களை அறிவீர்கள்.

இனி நான் கேட்பவை.

முதலாவது, பாதி வாடகை வரியை ஒப்பந்தத்திலிருந்து இந்தச் சீசனுக்கே எடுத்துவிடுங்கள். படகுக்குப் பேசிய காசு, திமிங்கிலம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் முழுதாகக் கொடுக்கப்பட வேண்டும். பார்க்காத பயணிக்கு ஏதாவது கொடுக்க விரும்பினால் உங்கள் லாபத்திலிருந்து கொடுங்கள். அல்லது வானிலை இடம் கொடுத்தால் அடுத்த நாள் குறைந்த விலையில் இன்னொரு பயணம் கொடுங்கள். போன சீசனில் 370 மீட்டர் எல்லையை மதித்த ஸ்கிப்பருக்கு வெட்டிய காசைத் திருப்பிக் கொடுங்கள்.

விளம்பரங்களிலிருந்து '100% உறுதி', 'கைக்கெட்டும் தூரம்' இரண்டையும் எடுங்கள். நீண்ட லென்ஸில் எடுத்த படங்களைப் போட்டு, போனில் அப்படி வரும் என்று நம்ப வைக்காதீர்கள்.

தூரத்தையும் நேரத்தையும் ஸ்கிப்பரே தீர்மானிப்பார், உங்கள் ஆள் அவருடைய அறைக்குள் போய் வற்புறுத்தக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். தின்றுகொண்டிருக்கும் கூட்டத்துக்கு முன்னால் போய் நிற்காத, ஒரே கூட்டத்தோடு அரை மணி நேரத்துக்கு மேல் நிற்காத, ஏற்கெனவே இரண்டு படகு நிற்கும் இடத்துக்குப் போகாத படகுகளை மட்டும் பேசுங்கள். நீங்கள் எல்லோரும் சேர்ந்து கேட்டால் முதலாளிகள் ஒத்துக்கொள்வார்கள், ஏனென்றால் நவம்பர், டிசம்பரில் உங்கள் குழுக்களும் அவர்களுக்குத் தேவை.

நீச்சல் பயணத்தை நிறுத்துங்கள். ஏற்கெனவே காசு கட்டியவர்களுக்குத் திருப்பிக் கொடுங்கள்.

படகுக்கு முதல் இரவு துருவ ஒளிப் பயணம் போடாதீர்கள். அந்த மாலையில் அரை மணி நேரம் கொடுத்தால், எதைப் பார்க்கப் போகிறோம், ஏன் தூரத்தில் நிற்கிறோம் என்று நானே வந்து தமிழில் சொல்கிறேன். அதற்குக் காசு வேண்டாம்.

அக்டோபர் 15க்கு முன் உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன். இந்த வரிகள் மாறாத ஒப்பந்தத்தின் கீழ் வரும் எந்தக் குழுவோடும் இந்தச் சீசனில் நான் கடலுக்குப் போக மாட்டேன். நானும் இதைப் படிக்கும் மற்ற வழிகாட்டிகளும் ஸ்கிப்பர்களும் யாரோடு போவது என்று அந்தப் பதிலைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம்.

இப்படிக்கு,
ஷெர்வோய் படகுகளில் வேலை செய்யும் ஒரு வழிகாட்டி